காவலுக்கு மட்டுமா பட்டாளத்துக்காரர்?

பதினேழு, இருபது ஆண்டு பட்டாளத்தில் இருந்துவிட்டு நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பும் ஒரு நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ நம் சமூகம் எடுத்து வைத்திருக்கும் வேலை பெரும்பாலும் வாசல் காவல்தான். வங்கி, ஏ.டி.எம்., நூற்பாலை, அடுக்குமாடிக் குடியிருப்பு. விருதுநகர் மாவட்டமென்றால் கூடவே பட்டாசு ஆலையின் கேட். இவர்களில் மனமும் தகுதியும் உள்ளவர்களை மனநல ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, வெடிவிபத்தில் சிதைந்த குடும்பங்களிடம் அனுப்பலாம் என்று சொல்லிப் பாருங்கள். யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரியான பதில்கள் வரும். மிலிட்டரிக்காரருக்கு அதட்டத் தெரியும், கேட்கத் தெரியாது. அவர் மனசே சரியில்லை, அவர் யாரைத் தேற்றுவது? ஆலோசனை சொல்வது படித்த டாக்டர் செய்ய வேண்டிய வேலை. கடைசியாக, சிவகாசிக்காரர்களுக்கு வேண்டியது பாதுகாப்பும் நிவாரணமும், பேச்சு எதற்கு?

இந்த நான்கிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் அவை இத்தனை காலம் யாரும் மறுக்காமல் நிற்கின்றன. ஆனால் அவை கூட்டாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முடிவு தவறு. வெடிச்சத்தத்துக்குப் பிந்தைய வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அறிந்த இரண்டு கூட்டத்தார் ஒரே வட்டாரத்தில், ஒரே பேருந்தில் போய்வந்துகொண்டு, ஒருவருக்கொருவர் உதவ வழியில்லாமல் இருக்கிறார்கள். வழியை அடைத்து நிற்பது இந்த நான்கு பதில்கள்தான்.

கடைசிப் பதிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நியாயமான கோபத்திலிருந்து வருகிறது. வெடிவிபத்துகளின் பட்டியலைப் பாருங்கள்: 1991-இல் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி, ஏறத்தாழ 40 உயிர்கள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளம், 20-க்கும் மேல். 2023 அக்டோபர் 17-இல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 பேர். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. அனுமதித்த அளவுக்கு மேல் வெடிமருந்து, ஓர் அறைக்கு உரிய எண்ணிக்கைக்கு மேல் ஆள், உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை வேறொருவர் கையிலும் இருக்கிற உள்குத்தகை, அறையை விட்டு மரத்தடியில் நடக்கும் ஃபேன்சி ரக வேலை: விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இவை. இவற்றை ஒழிக்காமல் ஆறுதல் மட்டும் சொல்வது அநியாயம் என்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

பாதுகாப்பு வேறு, மனம் வேறு என்று அவர் பிரிக்கும் இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. விபத்து நடந்த மூன்றாம் நாள் கேமராக்கள் போய்விடும். காரியம் முடிந்ததும் உறவினர் போய்விடுவார்கள். சில வாரம் கழித்து, பிழைத்த பெண் மறுபடி வேலைக்குப் போவாள். மகளிர் குழுக் கடனுக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் வேறு வருமானம் கிடையாது. இரவெல்லாம் தூங்காத கண்ணோடு, கதவு அடித்துச் சாத்தினாலே திடுக்கிடும் உடம்போடு அவள் மருந்து அறைக்குள் உட்கார்ந்து திரி வைப்பாள். உராய்வுக்கே தீப்பிடிக்கும் பொருளை நடுங்கும் விரலில் கொடுப்பது பாதுகாப்புப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது பாதுகாப்புப் பிரச்சினை? அவளுடைய மனம் தேறுவது அவளுக்கு மட்டும் நல்லதன்று. பக்கத்து அறையில் இருப்பவளின் உயிரும் அதில் இருக்கிறது.

நிவாரணமும் அப்படியே. அச்சன்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உத்தரவு வருவது ஒன்று, பணம் கைக்கு வருவது இன்னொன்று. வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, மனு, அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். மனைவியைப் பறிகொடுத்து மூன்று மாதமாகக் கட்டிலை விட்டு எழாத ஒருவரால் இந்த அலைச்சலைத் தாங்க முடியாது. உரிமையைக் கேட்டுப் பெறவும் மனத்தில் தெம்பு வேண்டும். ஆகவே, நிவாரணமா ஆலோசனையா என்று ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்துகிறவர், தாம் அறியாமலே நிவாரணத்தையும் கெடுக்கிறார்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தனித் துன்பமும் உண்டு. வேறு இடத்தில் விபத்தில் தப்பியவர் அந்த இடத்தையும் சத்தத்தையும் விட்டு விலகிப் போகலாம். இங்கே முடியாது. சாம்பிள் வெடித்துப் பார்க்கும் சத்தம் அன்றாடம் கேட்கும். கல்யாணம், கோயில் கொடை, அரசியல் ஊர்வலம் எல்லாவற்றிலும் சரவெடி. ஊரே கொண்டாடும் தீபாவளி அன்று, தீக்காயத் தழும்போடு ஒருவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்திருப்பார். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து கொடுக்கும் மண்ணில் இந்தத் துன்பத்துக்கு மருந்து தேடுவது ஆடம்பரம் என்று யாரும் சொல்லக் கூடாது.

இனி முதல் பதிலுக்கு வருவோம். பட்டாளத்துக்காரருக்குக் கேட்கத் தெரியாதாம். சத்தம் ஓய்ந்த பிறகும் காதுக்குள் ஓயாமல் கேட்கும் சத்தத்தைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடையாளம் தெரியாமல் போன உடலை எடுத்து அனுப்பியவர் அவர்களில் இருக்கிறார். சியாச்சின் பனியில் இருந்தவர், கார்கிலில் நின்றவர், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்து தம் மொழியையே பேசும் மக்களின் நடுவே துப்பாக்கியோடு நடந்த தமிழ்ச் சிப்பாய் என்று ஒவ்வொருவரிடமும் வெளியே சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் விட, பட்டாசு ஆலையில் பிழைத்தவரை அரிக்கும் அந்த ஒரு கேள்வி அவருக்குப் பழக்கமானது. ‘அன்னைக்கு நான் லீவு போட்டேன், என் இடத்துல அவ உக்காந்தா.’ ரோந்துக்குத் தன் முறையை மாற்றிக்கொண்டு உயிர் தப்பிய சிப்பாயும் இதே வாக்கியத்தைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. முதல் வெடிக்குப் பிறகு காப்பாற்ற ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். அவர்களோடு ஓடிப் பின்தங்கியதால் பிழைத்தவர்களின் குற்றவுணர்வைப் புரிந்துகொள்ளப் போர்க்களம் பார்த்தவருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இது என் ஊகம் மட்டுமன்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை அந்த நாட்டு மருத்துவமனைகள் புரிந்துகொள்ளாதபோது, 1970-இல் நியூயார்க்கில் அவர்களே கூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற இரு மனநல மருத்துவர்கள் அந்தக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே கேட்டவை பத்தே ஆண்டில் மருத்துவத்தை மாற்றின: 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தத்தைத் தனி நோயாக ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த நாட்டு அரசு ‘வெட் சென்டர்’ என்ற ஆலோசனை நிலையங்களைத் தொடங்கியது. இன்று அவை ஏறத்தாழ 300. அவற்றில் ஆலோசகர்களாக இருப்பவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள். வியட்நாமில் மரைன் படையில் இருந்த சார்லஸ் ஃபிக்லி பிற்காலத்தில் உளவியல் பேராசிரியராகி, அதிர்ச்சி பற்றிய ஆய்வுத் துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் ராணுவத்தையே பாருங்கள். படைப்பிரிவுகளில் இருக்கும் பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார் ஆகிய சமய ஆசிரியர்கள் இளநிலை அதிகாரி தரத்தில் இருக்கும் படைவீரர்கள். சிப்பாய்களின் தற்கொலைகளைத் தடுக்க ராணுவம் எடுத்த நடவடிக்கைகளில், இவர்களுக்கு ஆலோசகர் பயிற்சி கொடுத்ததும் ஒன்று. சீருடை போட்டவர் கேட்கப் பழகலாம் என்று சீருடை கொடுத்த நிறுவனமே நம்பியிருக்கிறது. சீருடையைக் கழற்றியதும் அந்தத் திறன் எங்கே போய்விடும்?

அதட்டல் உண்டு, மறுக்கவில்லை. உத்தரவு போட்டுப் பழகிய நாக்கு உடனே ‘இதைச் செய், அதைச் செய்’ என்றுதான் தொடங்கும். அதை மாற்றத்தானே பயிற்சி! கிராமத்துப் பையனைச் சில மாதத்தில் சிப்பாயாக்க முடியும் என்று நம்புகிறோம். சிப்பாயை ஓராண்டில் பொறுமையாகக் கேட்பவராக ஆக்க முடியாது என்று மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்? பயிற்சிக்குக் கட்டுப்படுவதும், குறிப்பேடு எழுதுவதும், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதும், கேட்ட ரகசியத்தை வெளியே விடாததும் அவருக்கு ஏற்கெனவே கைவந்த பழக்கங்கள். ஆலோசகர் வேலையில் பாதி இந்தப் பழக்கங்கள்தான்.

இரண்டாவது பதில், அவர் மனமே சரியில்லை என்பது. குடிக்கு அடிமையானவர்கள் உண்டு. தூங்க முடியாதவர்கள், வீட்டில் கை ஓங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் சிகிச்சை வேண்டும். தேர்வில் அவர்களைக் கழிப்பது கண்டிப்பாக நடக்க வேண்டும். ஆனால் ஒரு மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் அனைவரையும் கேன்டீன் பாட்டிலை வைத்து அளப்பது அவமதிப்பு. துன்பப்பட்டது தகுதிக் குறைவு என்றால், குடியை நிறுத்தியவர்கள் குடிப்பவர்களுக்குத் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் ஊர்களில்கூட நடக்கக் கூடாது. துன்பம் ஒருவரைத் தானாக ஆலோசகராக்கிவிடாது என்பதும் உண்மை. தன் துன்பத்தைத் தனியாக வைத்துவிட்டு அடுத்தவர் துன்பத்தைக் கேட்கும் பயிற்சி இல்லாதவர், பாதியில் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதனால்தான் மூத்த மனநல வல்லுநரின் தொடர் மேற்பார்வையைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது பதில் டாக்டர்கள் பக்கமிருந்து வருவது: அரைகுறைப் பயிற்சி ஆபத்து. இதுதான் நான்கிலும் கனமானது. நல்லெண்ணம் மட்டும் போதாது. விபத்து நடந்த உடனே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, ‘எல்லாத்தையும் கொட்டிருங்க’ என்று ஒரே அமர்வில் நடந்ததை முழுக்கச் சொல்லவைப்பது பிற்கால மனவழுத்தத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி சொல்லும் வரிசை வேறு: பார், கேள், இணை. யாருக்கு உடனடி ஆபத்து என்று பார், வற்புறுத்தாமல் கேள், மருத்துவர், வழக்கறிஞர், உறவினர், அலுவலகம் என்று தேவையானவரோடு இணை. இதைக் கற்காதவரை, அவர் பட்டாளத்துக்காரரானாலும் பட்டதாரியானாலும், துக்க வீட்டுக்குள் விடக்கூடாது.

கற்றவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கு வாரம் ஒருமுறை அவர் வருவார் என்று எதிர்பார்ப்பது, யாரும் வரமாட்டார்கள் என்பதை நாசூக்காகச் சொல்வதே. கோவாவில் சங்காத் அமைப்பு, மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்கும் குடிப்பழக்கத்துக்கும் ஆலோசனை தரவைத்தது. அது பலன் தருகிறது என்று காட்டிய ஆய்வுகளை லான்செட் இதழ் வெளியிட்டது. வன்முறையில் அடிபட்ட பெஷாவரில் ஐந்தே அமர்வுகள் கொண்ட முறையைச் சாதாரணப் பணியாளர்கள் நடத்தியபோது மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததை 2016-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஜிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மர பெஞ்சில் உட்கார்ந்து இதே போன்ற ஆலோசனைப் பணியைச் செய்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கே பயிற்சி கொடுத்தது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிப் போய்க் கவனிப்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். உடலுக்குச் சரி என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை மனத்துக்கு மட்டும் மறுப்பதில் நியாயமில்லை. துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே மனநல ஆதரவுப் பணியாளர் என்ற பிரிவு இருக்கிறது. டாக்டர் இடத்தில் யாரையும் உட்காரவைக்கச் சொல்லவில்லை. யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடித்து, அனுப்பி, திரும்பி வந்தபின் துணை நிற்கும் ஆள் வேண்டும் என்கிறேன்.

இங்கே வேறொரு எதிர்ப்பு எழும், எழ வேண்டும். பட்டாசுத் தொழிலில் பெண்களே மிகுதி. அவர்கள் ஓர் ஆண், அதிலும் மீசை முறுக்கிய மிலிட்டரிக்காரரிடம் மனம் திறப்பார்களா? பலர் திறக்கமாட்டார்கள். அதனால் பயிற்சி ஆண்களோடு நின்றுவிடக் கூடாது. போரிலும் பணியிலும் கணவரை இழந்த பெண்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வந்த நாளையும், பிறகு ஓய்வூதியத்துக்காக அலைந்த நாட்களையும் அறிந்தவர்கள் அவர்கள். விபத்தில் கணவரை இழந்த பெண்ணிடம் பேச அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? ராணுவச் செவிலியர் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரெங்கபாளையத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்படியென்றால் பின்னால் நிற்பது மனைவியை இழந்த கணவர்கள், தாயை இழந்த வாலிபப் பையன்கள். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் மனசு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள், டாஸ்மாக்குக்குப் போவார்கள். டீக்கடை பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்க, ஆண்மைக்குக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாத ஒரு பட்டாளத்துக்காரரால் முடியும்.

சாதியைப் பற்றியும் வாய் திறக்காமல் இருக்க முடியாது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே கோடு கிழித்த வட்டாரம் இது. ஒரே சாதியிலிருந்து ஆலோசகர்களை எடுத்தால் திட்டம் முதல் நாளே செத்துவிடும். எல்லாத் தெருவிலிருந்தும் எடுக்க வேண்டும்; எடுக்கவும் முடியும், ஏனென்றால் எல்லாத் தெருவிலிருந்தும் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள்.

ஆலை முதலாளிகள் இதையே திரையாக்கிக்கொள்வார்கள் என்ற அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆலோசகருக்கு முதலாளி சம்பளம் கொடுத்தால், குடும்பத்தைச் சமாதானத்துக்கு இழுப்பதும், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வதும், சீக்கிரம் வேலைக்குத் திரும்பத் தூண்டுவதும் அவர் வேலையாகிவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, பணம் ஆலைகளிடமிருந்து வராமல் இருப்பது. பட்டாளத்துக்காரருக்கு ஆதரவாக நான் வைக்கும் மிக வலுவான வாதமும் இங்கேதான் இருக்கிறது. சிவகாசி வட்டாரத்தில் அச்சகம், அட்டைப்பெட்டி, லாரி செட், மளிகைக் கடை, வட்டிக்கடை என்று எல்லாரும் ஏதோ ஒரு வழியில் பட்டாசை நம்பி இருக்கிறார்கள். ஆலையைப் பகைத்துக்கொண்டு உண்மை பேசினால் பலருக்கு உலை வைக்க முடியாது. ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் படைவீரரின் சோறு ஆலையிலிருந்து வரவில்லை. நியாயமான இழப்பீட்டைக் கேள் என்று ஒரு குடும்பத்திடம் அச்சமில்லாமல் சொல்லும் சுதந்திரம் அவருக்கு உண்டு. அவரையே ஆலை கேட்டில் காவலுக்கு நிறுத்தும்போது அந்தச் சுதந்திரத்தைத்தான் நாம் முதலில் பறிக்கிறோம்.

தகுதி இல்லை என்று சொல்பவர்கள், தகுதி பெறும் பாதையை யார் அடைத்தது என்றும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு பணியாற்றிய படைவீரருக்குப் பட்டதாரிக்கு இணை என்று கிடைக்கும் சலுகை, குரூப் சி வேலைகளுக்குத்தான் செல்லும். உளவியல் முதுகலையில் சேர உதவாது. முன்னாள் படைவீரர்களுக்காக 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனத்தின் பெரும்பகுதி வேலை காவலாளிகளை அனுப்புவது. 2025-இல் தமிழக அரசு தொடங்கிய முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் தொழில் தொடங்கக் கடனும் மானியமும் தருகிறது, நல்ல திட்டம். ஆனால் வாசல் காவலும் தொழில் கடனும் மட்டுமே மறுவாழ்வு என்று நின்றுவிட்டால், இவர்கள் இருபது ஆண்டில் ஈட்டிய மிக அரிய அறிவுக்கு ஊரில் இடமே இல்லாமல் போகும். அக்னிபத் திட்டத்தில் படையில் சேர்ந்த முதல் அணியினர் நான்கு ஆண்டு முடித்து 2026 இறுதியை ஒட்டி வெளியே வரத் தொடங்குவார்கள். நிரந்தரப் பணி நான்கில் ஒருவர் வரைக்கும்தான். ஓய்வூதியம் இல்லாமல், இருபத்தைந்தை ஒட்டிய வயதில் ஊர் திரும்பும் மற்றவர்களுக்கும் கேட்டைத்தான் காட்டப்போகிறோமா?

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. விருதுநகர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் மாவட்ட மனநலத் திட்டமும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். ஆண்களும் பெண்களுமாக ஒரு சிறு அணியைக் கண்டிப்பாக வடிகட்டித் தேர்ந்தெடுத்து, ஓராண்டுப் பயிற்சியும் உதவித்தொகையும் தர வேண்டும். பட்டம் படிக்க விரும்புவோருக்குத் தொலைநிலைக் கல்வியில் கட்டணச் சலுகை வேண்டும். பயிற்சி முடித்தவர்களுக்கு மனநல மருத்துவரின் மேற்பார்வையும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணோடு நேரடித் தொடர்பும், நியாயமான ஊதியமும் வேண்டும். வெடிவிபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்காக 5 கோடி ரூபாய் நிதியம் அமைப்பதாக 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தே இந்த அணி வேலையைத் தொடங்கலாம். ஓராண்டு கழித்து, எத்தனை பேர் தூங்குகிறார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், எத்தனை குடும்பங்களுக்கு இழப்பீடு வந்துசேர்ந்தது என்று மாவட்ட நிர்வாகம் வெளிப்படையாகக் கணக்குக் காட்டட்டும். அந்தக் கணக்கு என் வாதத்தைப் பொய்யாக்கினால் திட்டத்தை நிறுத்திவிடலாம். ஒருமுறைகூடச் செய்து பார்க்காமல், மிலிட்டரிக்காரருக்கு இதெல்லாம் வராது என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.